பயப்படுறதுக்கும் ஒரு மொறை இருக்கு தாயி

ஏ.ஐ. வந்து வேலையைப் புடுங்கிரும்னு ராத்தூக்கம் கெட்டுத் திரியிற டாக்டர் தம்பிகளுக்கு மொதல்ல ஒரு நல்ல சேதி. ஒங்க வேலை எங்கிட்டும் போகாது. கெட்ட சேதியும் அதேதான். போடிமெட்டு ரோட்டுல 17 கொண்டை ஊசி வளைவையும் சுத்தி, ராத்திரி ரெண்டு மணிக்கு எறக்கிக் கொண்டாந்த பாம்புக்கடிக்காரனுக்கு ஊசி போடக் கம்ப்யூட்டர் எந்திரிச்சு வராது. நீங்கதான் முழிச்சிருக்கணும்.

இதைச் சொல்ல நீ யாருய்யான்னு கேப்பீக. போடியில ஏலக்காய்க் கமிசன் கடையில கணக்கெழுதுனவன். கண்ணாடிக்குப் பவரு ஏற ஏறக் காதுக்குப் பவரு எறங்கி, இப்பத் திண்ணையில குந்தியிருக்கிற பெருசு. ஏ.ஐ. பத்தி எனக்கு என்ன தெரியும்? ஒன்னுந் தெரியாது. அதனாலதான் தைரியமாப் புத்தி சொல்றேன். தெரிஞ்சவுக எல்லாம் கமிட்டி போட்டுல்ல சொல்றாக. என் பேத்தி மலையடிவாரத்துல கிராம சுகாதார நர்ஸு. அவ போனைப் பாத்து வாசிச்சுக் காட்டுவா, நான் கொறை சொல்லுவேன். எங்க வீட்டு வேலைப் பங்கீடு அம்புட்டுத்தான்.

கனடாவுல ஜெப்ரி ஹிண்டன்னு ஒரு பெரியவரு. இந்த மிஷின் மூளைக்கு அஸ்திவாரம் போட்டவுகள்ல முக்கியமானவரு. 2016-ல மேடையேறி, எக்ஸ்ரே படம் பாக்குற டாக்டருகளை இனிமே படிக்க வைக்கிறதையே நிறுத்திருங்க, அஞ்சு வருசத்துல, மிஞ்சிப்போனாப் பத்து வருசத்துல, மிஷினே அவுகளை விட நல்லாப் பாத்துரும்ங்கிற மாதிரி சொல்லிட்டாரு. அஞ்சு வருசம் 2021-லயே முடிஞ்சிருச்சு. படம் பாக்குற டாக்டருக்கு இன்னைக்கும் ஊரு ஊருக்குத் தட்டுப்பாடு. அவருக்கோ 2024-ல நோபல் பரிசே குடுத்துட்டாக. வாக்கு பலிக்காட்டியும் பரிசு கெடைக்கும்னு தெரிஞ்சா எங்க ஊரு கோடாங்கி ரொம்ப வருத்தப்படுவான்.

அப்பப் பயமே வேண்டாமான்னு கேக்காதீக. வேணும். நீங்க தப்பான எடத்துல நின்னு பயப்படுறீகங்கிறதுதான் என் வெசனம்.

இந்த ஏ.ஐ. சீமைச் சரக்கு, நமக்கு ஒத்து வராதுன்னு மொறைக்கிறவுகளுக்கு ஒரு சங்கதி சொல்றேன். முடக்குவாதத்துல விரலெல்லாம் கோணிப்போயும் கத்தி புடிச்சுக் கண்ணு ஆப்பரேசன் பண்ண மனுசன் டாக்டர் கோ. வெங்கடசாமி. ரிட்டயராகி, 1976-ல மதுரையில 11 கட்டிலோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சாரு. 1985-ல அது தேனிக்கு வந்துச்சு. 2004-க்கு அப்புறம் கலிபோர்னியாவுல இருந்து பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரவுகளும் இன்டெல் கம்பெனிக்காரவுகளும் வந்து, தேனி ஆஸ்பத்திரியில இருந்து சுத்துப்பட்டு ஊருகளுக்கு ஆன்டெனா கட்டி, ஒசரத்துக்கு ஒசரம் கண்ணுக்குத் தெரியிற மாதிரி வைஃபை இழுத்தாக. ஊருக்குள்ள ஒரு சின்னக் கண் மையம். பயிற்சி எடுத்த பொம்பளப் புள்ள அங்க ஒக்காந்து கண்ணைச் சோதிக்கும். தேனியில இருக்கிற டாக்டர் திரையில வந்து ரெண்டு வார்த்தை பேசுவாரு. டவுனுல இருக்கிறவுகளுக்கே வீடியோ கால்னா என்னன்னு தெரியாத காலத்துல, எங்க பக்கத்துக் கெழவிக பொட்டிக்குள்ள இருந்த டாக்டருக்குக் கும்பிடு போட்டுட்டுச் சொட்டு மருந்து வாங்கிட்டு வந்தாக.

அப்புறம் கூகுள்காரவுக வந்தாக. சக்கரை வியாதி கண்ணுக்குள்ள விழித்திரை ரத்தக்குழாயை அரிச்சுக் கசிய வைக்கும். வலிக்காது, உறுத்தாது, பார்வை மங்குறப்பத்தான் தெரியும், அப்பப் பாதி காரியம் முடிஞ்சிருக்கும். அதை விழித்திரைப் படத்தைப் பாத்தே கண்டுபிடிக்க மிஷினைப் பழக்குனாக. 1,28,000 படம். அதுல அரவிந்த், சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆஸ்பத்திரிப் படங்களும் சேத்தி. 54 டாக்டருக ஒக்காந்து படம் படமா மார்க்குப் போட்டுக் குடுத்தாக. 2016-ல அந்தக் கட்டுரை வெளிவந்துச்சு. 2019-ல மதுரை அரவிந்துல வர்ற நோயாளிகளுக்கே அதை வச்சுப் பாக்குறாகன்னு சேதி வந்துச்சு. 2024-ல அரவிந்தோட லென்சுக் கம்பெனி ஆரோலேபும் சேந்து, இந்தியாவுலயும் தாய்லாந்துலயும் பத்து வருசத்துல 60 லட்சம் பரிசோதனை எலவசமாப் பண்ணப்போறதா அறிவிச்சிருக்காக.

ஆக, மிஷினு மூளைன்னு நீங்க வாயைப் பொளந்து பாக்குறது என்ன? 54 டாக்டரோட கண்ணும், சக்கரை ஏறுன சனத்தோட கண்ணும். பாடம் சொல்லிக் குடுத்தவுகளே படிச்சதைப் பாத்து நடுங்குறது எந்த ஊரு நியாயம் தம்பி? கண்ணைக் காட்டுன சனத்துக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்தாகளான்னு தெரியலை, அதை வேற நாளைக்குப் பேசுவோம்.

சரி, டாக்டருகளை விடுங்க. அவுகளுக்குப் பயப்படவும் நேரம் இருக்கு, மாநாட்டுல போய்ப் பயத்தைப் பத்திப் பேசவும் நேரம் இருக்கு. நான் பேச வந்தது நர்ஸுகளைப் பத்தி. ஏ.ஐ. வந்தா டாக்டருக்கு என்னாகும்னு கேக்காத ஆளு கெடையாது. படத்தை யாரு புடிக்கிறா, ஆளை யாரு கூட்டியாறா, மிஷினு சொன்னதை அந்தப் பொம்பளைக்கு யாரு எடுத்துச் சொல்றான்னு கேக்க நாதியில்லை.

தாய்லாந்துல நடந்ததைக் கேளுங்க. 2018 கடைசியில தொடங்கி, அதே கூகுள் மிஷினை அங்க 11 கிளினிக்குல வச்சுப் பாத்தாக. சோதனைச்சாலையில 90-க்கு மேல மார்க்கு வாங்குன மிஷின் அது. கிளினிக்குல படம் எடுக்கிறது நர்ஸுக. மொத ஆறு மாசத்துல 1,838 படம் உள்ள போச்சு. அதுல 21 சதவீதத்தைத் தெளிவில்லைன்னு மிஷின் தள்ளிருச்சு. ஏன்? படம் எடுக்க ரூமு இருட்டா இருக்கணும். முக்கால்வாசிக் கிளினிக்குல தனி இருட்டு ரூமு ஏது? ஒரே ரூமுல நாலு சோலி நடக்குது, விளக்கை யாரு அணைக்கிறது? நெட்டு வேற இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு. மிஷின் தள்ளுன படத்துக்காரவுகளை இன்னொரு நா இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லணும்னு சட்டம். இந்தக் கண்ணுல ஒன்னுமில்லைன்னு நர்ஸுக்குக் கண்ணால தெரிஞ்சாலும் அனுப்பித்தான் ஆகணும். பாத்தாக சில நர்ஸுக. எதுக்கு வம்பு, நீங்க இந்த ஆராய்ச்சியில சேராதீகன்னு சனத்துக்கிட்டயே சொல்லிட்டாக.

கூகுள்காரவுகளே இதை 2020-ல கட்டுரையா எழுதி ஒத்துக்கிட்டாக. அந்த வரைக்கும் நல்ல மனுசருகதான். நம்ம ஊரா இருந்தா மிஷின் நல்லாருக்கு, நர்ஸுகளுக்குத்தான் பயிற்சி பத்தலைன்னு அறிக்கை வந்திருக்கும்.

அந்தத் தாய்லாந்து நர்ஸு எங்க போடியில இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பா? விடியுமுன்ன போடி, தேவாரம், கோம்பை, கம்பம்னு எல்லா ஊருலயும் ஜீப்பு வந்து நிக்கும். அவ பாக்க வேண்டிய சனம் ஆளு மேல ஆளா ஏறி, பூப்பாறை, சாந்தாம்பாறை, உடும்பஞ்சோலைன்னு மலைக்குப் போயி, ஏலத்தோட்டத்துல குனிஞ்ச தலை நிமிராமக் காய் எடுத்துட்டு, பொழுது சாயத்தான் எறங்குவாக. பகல்ல கேரளா, ராத்திரி தமிழ்நாடு. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட்ல அரசாங்கம் ஆரம்பிச்சது நல்ல திட்டந்தான், மறுக்கலை. தேடி வர்ற நேரத்துல மக்கள் மலையில இருக்காக, வாசல்ல பூட்டுத் தொங்குது.

அப்படி ஒருத்திக்கு, மேல் சிகிச்சைக்குத் தேனிக்குப் போகவும்னு மிஷின் ஒரு சீட்டு அடிச்சுக் குடுக்குதுன்னு வைங்க. மிஷினுக்கு அது ஒத்தை வரி. அவளுக்கு ஒரு நா கூலி, பஸ்ஸு சார்சு, தொணைக்கு வர்ற மகனோட கூலி, மறுநா கங்காணிக்கிட்டக் கேக்குற ஏச்சு. நாலு பேத்துல மூணு பேரை அங்க டாக்டர் பாத்துட்டு ஒன்னுமில்லைம்மான்னு திருப்பி அனுப்புனா, அஞ்சாவது ஆளு போவாளா? அந்த அஞ்சாவது ஆளுக்குத்தான் கண்ணு போயிக்கிட்டிருக்கும். இதெல்லாம் நர்ஸுக்குத் தெரியும். அதனால நர்ஸு மிஷினைப் பாத்து மூஞ்சி சுளிச்சா அது படிப்பில்லாத சுளிப்புன்னு மேல இருக்கிறவுக எழுதிப்புடக் கூடாது.

ஆனா தாயி, ஒனக்கும் ஒன்னு சொல்றேன். தாய்லாந்துக்காரி மாதிரி சேராதீகன்னு மட்டும் சொல்லிப்புடாத. கண்ணு விசயம், நோகாமப் போயிரும். சண்டை போடுறதா இருந்தா ரூமுக்குப் போடு, கறுப்புத் துணிக்குப் போடு, நெட்டுக்குப் போடு. எனக்குக் கம்ப்யூட்டர்னாலே அலர்ஜின்னு சொன்னா ஒனக்கு ஒரு நா பயிற்சி முகாம் போட்டு, பிஸ்கட் குடுத்து அனுப்பிருவாக. இந்த ரூமுல விளக்கை அணைச்சா அடுத்த கட்டில்ல ஊசி போட முடியாதுன்னு எழுதிக் குடு, பதில் சொல்ல முடியாமத் தலையைச் சொறிவாக.

வேலையைப் புடுங்கும்னு பயப்படுறீகளே, அது இன்னொரு வேலையைக் குடுக்கும்னு ஏன் யாரும் பயப்படலை? என் பேத்தி போனுல ஒரு செயலியில பதியிறா. அதையே ரிஜிஸ்தருலயும் எழுதுறா. போனு வந்தப்புறமும் நோட்டு எதுக்குத்தான்னு கேட்டா, செயலி வேலை செய்யாத அன்னைக்கு வேணும் தாத்தாங்கிறா. ரிஜிஸ்தரு வேலை செய்யாத நாள்னு ஒன்னு உண்டான்னு கேட்டேன், மொறைச்சா. இப்பத் தமிழ்நாடு மின் ஆளுமை முகமை இ-பார்வைன்னு ஒரு செயலி செஞ்சிருக்கு. போனால கண்ணைப் படம் புடிச்சா, புரை இருக்கான்னு சொல்லும். நல்ல காரியம். ஆனா புதுசா ஒன்னு கையில குடுக்கிறப்பப் பழசுல ஒன்னைக் கொறைச்சுக் குடுங்கன்னு கேக்குறதுக்கு ஒங்க சங்கத்துல ஒரு ஆளு வேணும். ஏ.ஐ. வந்தா நேரம் மிச்சமாகும், அந்த நேரத்துல நோயாளிக்கிட்ட ஆறுதலாப் பேசலாம்னு மேடையில சொல்றாகல்ல? மிச்சமான நேரத்துல இன்னும் நாப்பது பேரைப் பாருன்னுதான் ஆடரு வரும். எனக்குத் தெரிஞ்சு எந்த முதலாளியும் மிச்சமான நேரத்தைத் தொழிலாளிக்கிட்டத் திருப்பிக் குடுத்ததில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கு. பயமே கெடையாது, காதல்தான். மிஷின் சொன்னாத் தெய்வவாக்கு. பத்து வருசமாக் கூட வேலை பாக்குற நர்ஸு, சார் இந்தாளு மூச்சு வாங்குறது சரியில்லைன்னு சொன்னாத் திரும்பிப் பாக்காத டாக்டர், திரையில செவப்புல ஒரு கோடு வந்தா எந்திரிச்சு ஓடி வர்றாரு. அடுத்த தடவை ஒரு செவப்பு ரிப்பனைக் கட்டிக்கிட்டுச் சொல்லிப் பாரு தாயி.

இந்தக் காதல்காரவுகளுக்குப் போலந்துல இருந்து ஒரு சேதி. குடலுக்குள்ள கேமரா விட்டுக் கட்டி தேடுற டாக்டருக 19 பேரு. ஒவ்வொருத்தரும் 2,000-க்கு மேல பாத்த கை. மிஷின் தொணை வந்து கொஞ்ச நா ஆனப்புறம், மிஷின் இல்லாமப் பாக்கச் சொன்னா, முன்ன 100 பேருக்கு 28 பேருகிட்டக் கட்டி கண்டுபிடிச்சவுக இப்ப 22 பேருகிட்டத்தான் கண்டுபிடிச்சாகன்னு 2025 ஆகஸ்ட்ல லான்செட் குழுமத்தோட குடல் வைத்தியப் பத்திரிகையில போட்டிருக்காக. வேற காரணமும் கலந்திருக்கலாம், ஒத்தை ஆய்வை வச்சுத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஆனாப் பயப்பட வேண்டிய எடம் இது. ஜெர்மனியில 2023-ல இன்னொன்னு: மார்பகப் படம் பாக்குற 27 டாக்டருக்கு, மிஷின் சொன்னதுன்னு சில படத்துக்கு வேணும்னே தப்பான விடையைக் காட்டுனாக. அனுபவம் கொறைஞ்சவுக, மிஷின் சரியாச் சொன்னப்ப 100-க்கு 80 சரியாச் சொன்னவுக, அது தப்பாச் சொன்னப்ப 20-க்கு எறங்கிட்டாக. பழந்தின்னு கொட்டை போட்டவுகளே 82-ல இருந்து 45-க்கு வந்துட்டாக.

இதைச் சொல்லிட்டு ஸ்வீடனை மறைச்சா நான் களவாணி. அங்க 80,000 பொம்பளைகளை வச்சு நடந்த ஆய்வுல, மிஷின் தொணையோட மார்பகப் படம் பாத்த பக்கம் டாக்டரோட வேலை 44 சதவீதம் கொறைஞ்சுச்சு, புத்துநோய் கண்டுபிடிச்சது கொறையலை, கூடத்தான் செஞ்சுச்சு. ஒரே சாமான்தான். மனுசன் பக்கத்துல எப்படி ஒக்காந்திருக்கான்ங்கிறதுலதான் வித்தியாசம்.

எங்க ஏல மண்டபத்துல வந்து பாருங்க. 2007-ல ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலம் கொண்டாந்துச்சு. கூவுற சத்தம் போய்ப் பட்டன் வந்துச்சு, திரையில வெலை ஓடுது. ஆனா இன்னைக்கும் யாவாரி சாம்பிள் தட்டுல இருந்து ஒரு பிடி அள்ளி, காயை ஒடைச்சு, உள்ள அரிசி கறுத்திருக்கான்னு பாத்து, மோந்து, வாயில போட்டுட்டுத்தான் பட்டன்ல விரலை வைப்பான். தரையெல்லாம் காயாக் கெடக்கும். திரையை நம்பிக் காயை ஒடைக்காம விட்டவன் ரெண்டு சீசன்ல மஞ்சக் கடுதாசி குடுத்துட்டுப் போவான்.

காசநோய்ப் படத்துக்கும் இதேதான். 15 வயசும் அதுக்கு மேலயும் ஆன ஆளுகளோட நெஞ்சுப் படத்தைப் பாக்க, மனுசனுக்குப் பதிலா மிஷினை வச்சுக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் 2021-ல சொல்லிருச்சு. கையில தூக்கிட்டுப் போற எக்ஸ்ரே பொட்டி வந்திருக்கு. படம் பாக்க டாக்டர் இல்லாத மலைக்காட்டுக்கு இது வரப்பிரசாதம், நையாண்டி இல்லாமத்தான் சொல்றேன். ஆனா மிஷின் ஒனக்குக் காசநோய்னு சொல்லாது. ஒரு நம்பரு குடுக்கும். எந்த நம்பருக்கு மேல போனாச் சளி எடுத்துச் சோதிக்கணும்னு கோடு கிழிக்கிறது மனுசன். கோட்டை எறக்குனா ஊரே சளி டப்பாவோட வரிசையில நிக்கும், ஏத்துனா நெசமான நோயாளி நழுவிப் போவான். பத்து வருசத்துக்கு முன்ன காசநோய் வந்து கொணமானவன் நெஞ்சுல தழும்பு இருக்கும், அதைப் பாத்தும் மிஷின் பதறும். பழைய கதையை அவன் வாயால கேட்டு வாங்குறது நர்ஸுதான். அந்தக் கோட்டை யாரு கிழிச்சதுன்னு மட்டும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. ரூமுல இருக்கிறவுக எல்லாம் ஒருத்தரை ஒருத்தரு பாப்பாக.

இன்னொரு கணக்கு, நான் கணக்கப்பிள்ளைங்கிறதால இதுல ரொம்ப ரசிச்சேன். அமெரிக்காவுல எந்த நோயாளிக்குக் கூடுதல் கவனிப்பு வேணும்னு சொல்ல ஒரு மிஷின் வச்சிருந்தாக. அது யாருக்கு வைத்தியச் செலவு அதிகமோ அவனுக்குத்தான் நோவு அதிகம்னு கணக்குப் போட்டுச்சு. கறுப்பின மக்களுக்கு நோவு அதிகம் இருந்தும் செலவு கம்மி, ஏன்னா ஆஸ்பத்திரிக்குப் போக வழி கம்மி. மிஷின் அவுகளை நல்லா இருக்காகன்னு ஓரங்கட்டிருச்சு. 2019-ல இதைக் கண்டுபிடிச்சு எழுதுனாக. அந்த மிஷினை எங்க ஊருக்குக் கொண்டாந்தா என்னாகும்? தோட்டத்துல மருந்தடிச்சுட்டுத் தலை சுத்தி விழுந்தவன் ஒரு சோடாவைக் குடிச்சுட்டு எந்திரிச்சுப் போறான். சீட்டும் கெடையாது, பில்லும் கெடையாது. மிஷின் கணக்குப்படி போடி மலையில இருக்கிற அம்புட்டுப் பேரும் பயில்வான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2023-ல இதுக்கெல்லாம் வழிகாட்டு நெறி போட்டிருக்கு. நோயாளிக்கிட்டச் சொல்லி ஒப்புதல் வாங்கணும், மனுசன் மேற்பார்வை இருக்கணும், தப்பு நடந்தா யாரு பொறுப்புங்கிறது தெரியணும். புதுப் பொட்டி வந்து எறங்குற அன்னைக்கு, மாலை போட்டுச் சந்தனம் வைக்கிறதுக்கு முன்ன, அந்தக் கடைசி விசயத்தை மட்டும் எழுத்துல வாங்கிருங்க. மிஷினுக்குக் கையெழுத்துக் கெடையாது, சீட்டுல கடைசியில இருக்கிறது ஒங்க கையெழுத்துத்தான். அது சரியாச் சொன்னாப் பேப்பர்ல கம்பெனி பேரு வரும், தப்பாச் சொன்னா விசாரணையில நர்ஸு பேரு வரும். இவ்வளவு பயமும் போக மிச்சம் இருந்தா, அப்பப் போயி வேலை போயிருமான்னு பயப்படுங்க.

எனக்கு ஒரே ஒரு கோரிக்கை, அதிகாரிமாரு யாராச்சும் இதைப் படிச்சாக் கேட்டுக்கங்க. கண்ணுப் படம், நெஞ்சுப் படம்னு எந்த மிஷினை எங்க பக்கம் கொண்டாந்தாலும், முகாமை வேலை நாள்ல காலை பத்து மணிக்கு வைக்காதீக. ஞாயித்துக்கிழமை வைங்க. ஜீப்பு பெரும்பாலும் அன்னைக்குத்தான் மலை ஏறாது. நர்ஸுக்கு அந்த ஞாயித்துக்கிழமைக்குப் பதிலா வேற ஒரு நா லீவும் குடுத்துருங்க.